வாசகர் கேள்வி பதில்: கார் எப்படி கன்ட்ரோலை இழக்கும்?

சென்ற இதழில் ‘மெட் வித் அன் ஆக்சிடென்ட்’ என்ற தொடரைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அது நம் பக்கத்து ஆங்கிலத்தில் சாதாரணம், மற்ற இடங்களில் பழைய செய்தித்தாள் வாசம் அடிக்கும், ‘ஐ ஹேட் அன் ஆக்சிடென்ட்’ என்றோ ‘ஐ வாஸ் இன் அன் ஆக்சிடென்ட்’ என்றோ சொன்னால் போதும் என்று. அவ்வளவுதான் எழுதினேன், வந்த கடிதங்களோ ஒரு கட்டு. எனவே இந்த முறை முழுக்க விபத்துதான். ஆங்கிலச் சொற்களை எல்லாம் தமிழ் எழுத்திலேயே தருகிறேன், வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்; ஸ்பெல்லிங்குக்கு அகராதி இருக்கிறது.

சார், நான் ஓட்டிய கார் மழையில் சறுக்கி மரத்தில் மோதிவிட்டது. இன்சூரன்ஸ் படிவத்தில் ‘தி கார் லாஸ்ட் கன்ட்ரோல் அண்ட் டேஷ்டு எ ட்ரீ’ என்று எழுதினேன். படித்த நண்பர் சிரித்தார், காரணம் சொல்லவில்லை. என்ன தப்பு?

முதலில், உங்களுக்கு அடி ஒன்றும் இல்லையே? கடிதம் முழுக்க மரத்தைப் பற்றியும் காரைப் பற்றியும்தான் இருக்கிறது.

சரி, நண்பர் சிரித்தது ‘டேஷ்’ என்ற சொல்லுக்காக இருக்கும். ‘டேஷ் பண்ணிட்டான்’ என்று பேச்சில் சொல்லிச் சொல்லி, மோதுவதற்கு ஆங்கிலத்தில் அதுதான் சொல் என்றே நாம் நம்பிவிட்டோம். வெளியே டேஷ் என்றால் விழுந்தடித்துக்கொண்டு ஓடுவது. ‘ஐ டேஷ்டு டு தி பஸ் ஸ்டாப்’ என்றால் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன் என்று பொருள். அலைகள் பாறையில் மோதிச் சிதறுவதற்கு ‘டேஷ் அகென்ஸ்ட்’ என்று சொல்வதுண்டு, ஆனால் காருக்கும் மரத்துக்கும் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ‘ஹிட் எ ட்ரீ’ அல்லது ‘க்ராஷ்டு இன்டு எ ட்ரீ’ என்று எழுதுங்கள்.

நான் சிரித்திருந்தால் வேறு இடத்தில் சிரித்திருப்பேன். கார் எப்படி கன்ட்ரோலை இழக்கும்? கன்ட்ரோல் இருந்தது உங்களிடம். ஆகவே இலக்கணப்படி ‘ஐ லாஸ்ட் கன்ட்ரோல் ஆஃப் தி கார்’. தமிழ்ச் செய்திகளிலும் ‘கட்டுப்பாட்டை இழந்த கார் கடைக்குள் புகுந்தது’ என்று தினமும் வருகிறது, படிக்கும்போது ஓட்டுநர் என்று ஒருவர் அந்தக் காருக்குள் இருந்தாரா என்பதே மறந்துபோகிறது. ஆனால் அவசரப்பட்டு ‘ஐ லாஸ்ட் கன்ட்ரோல்’ என்று படிவத்தில் எழுதிவிடாதீர்கள். அது நடந்ததைச் சொல்கிற வாக்கியம் மட்டும் இல்லை, பொறுப்பை நீங்களே எடுத்துத் தலையில் வைத்துக்கொள்கிற வாக்கியமும்கூட. நடந்ததை நடந்த வரிசையில் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதினால் போதும்: ‘தி ரோடு வாஸ் வெட். தி கார் ஸ்கிடட். ஐ ப்ரேக்ட் ஹார்ட், பட் இட் ஹிட் எ ட்ரீ.’ பொய்யும் இல்லை, ஒப்புதல் வாக்குமூலமும் இல்லை.

கவனித்தீர்களா, ‘ஐ புட் சடன் பிரேக்’ என்று எழுதவில்லை. அது தமிழுக்கு ஆங்கிலச் சட்டை மாட்டியது. பிரேக் போடுவதற்கு ‘ப்ரேக்’ என்பதே வினைச்சொல், ஓங்கி மிதித்ததைச் சொல்ல ‘ஐ ஸ்லாம்டு ஆன் தி பிரேக்ஸ்’. டயருக்கும் சாலைக்கும் நடுவே தண்ணீர் படலமாகப் புகுந்து, பிடிப்பே இல்லாமல் வண்டி மிதப்பதற்கும் தனிச் சொல் வைத்திருக்கிறார்கள்: பிரிட்டனில் அக்வாபிளேனிங், அமெரிக்காவில் ஹைட்ரோபிளேனிங். உங்களுக்கு நடந்தது அதுவாகக்கூட இருக்கலாம்.

ஆக்சிடென்ட், இன்சிடென்ட், க்ராஷ், கொலிஷன் எல்லாம் ஒன்றுதானே? எதற்கு நான்கு சொல்?

டீ குடித்துக்கொண்டே பேசும்போது ஒன்றுதான். எழுத்தில் வந்தால் நான்கும் நான்கு பக்கம் இழுக்கும்.

ஆக்சிடென்ட் லத்தீனில் இருந்து வந்தது. அதன் உள்ளே இருப்பது விழுதல் என்ற பொருள். மேலே வந்து விழுந்தது, நேர்ந்தது. வேடிக்கை என்னவென்றால் நாம் வடமொழியில் இருந்து எடுத்துக்கொண்ட விபத்து என்ற சொல்லின் வேரிலும் விழுதல்தான் இருக்கிறது, ஆபத்து அதற்கு உடன்பிறப்பு. இரண்டு இடத்திலும் ஒரே யோசனை: யாரும் செய்யவில்லை, தானாக வந்து விழுந்தது. மரக்கிளை முறிந்து தலையில் விழுந்தால் அது சரி. குடித்துவிட்டு வண்டி ஓட்டியவன் இன்னொருவர் மேல் ஏற்றினால் அதையும் ‘வந்து விழுந்தது’ என்று சொல்லலாமா?

இந்தச் சண்டை ஆங்கிலத்தில் ரொம்ப நாளாக ஓடுகிறது. அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்ஹெச்டிஎஸ்ஏ, 1997-இல் ‘க்ராஷஸ் ஆரன்ட் ஆக்சிடென்ட்ஸ்’ என்று ஒரு பிரசாரமே நடத்தியது. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2001-இல் தன் பக்கங்களில் ஆக்சிடென்ட் என்ற சொல்லுக்குத் தடை போட்டது, பெரும்பாலான விபத்துகள் தடுக்கக்கூடியவை, அவற்றைத் தற்செயல் என்று அழைப்பது தவறு என்பது அவர்கள் வாதம். நியூயார்க் போலீசில் ‘ஆக்சிடென்ட் இன்வெஸ்டிகேஷன் ஸ்குவாட்’ என்று இருந்த பிரிவு 2013-இல் ‘கொலிஷன் இன்வெஸ்டிகேஷன் ஸ்குவாட்’ ஆனது. 2016-இல் ஏபி செய்தி நிறுவனத்தின் நடைக் கையேடும், அலட்சியம் இருந்ததாகக் குற்றச்சாட்டு இருக்கும்போது ஆக்சிடென்ட் என்று எழுதாதீர்கள், அது ஓட்டியவரைக் குற்றமற்றவர் ஆக்குவதுபோல் படும் என்று சொன்னது. அதற்காக நீங்கள் வீட்டில் ‘ஆக்சிடென்ட்’ என்று சொன்னால் யாரும் அடிக்க வரமாட்டார்கள். ஆனால் காரணம் தெரியாதபோது எழுதுவதற்கு க்ராஷ் நல்ல சொல். மோதியது என்பதோடு நிறுத்திக்கொள்ளும், யார் தப்பு என்று வாயைத் திறக்காது.

கொலிஷன் என்றால் நகர்கிற இரண்டு பொருள்கள் ஒன்றோடொன்று மோத வேண்டும், சும்மா நிற்கிற சுவரோடு கொலைட் ஆக முடியாது என்று பழைய பத்திரிகை ஆசிரியர்கள் பிடிவாதம் பிடிப்பார்கள். இன்று அந்தப் பிடிவாதம் பெரும்பாலும் தளர்ந்துவிட்டது. ஆனால் கப்பல்காரர்கள் விடவில்லை. நகர்கிற கப்பல் நிலையான ஒன்றில் மோதினால் அவர்கள் மொழியில் அதற்கு அலிஷன் என்று தனிப் பெயர். 2024 மார்ச் 26-இல் பால்டிமோரில் டாலி என்ற சரக்குக் கப்பல் பாலத்தின் தூணில் மோதி, பாலமே இடிந்து ஆற்றில் விழுந்தது இல்லையா, கடல் சட்டம் படித்தவர்கள் அதை அலிஷன் என்றுதான் சொல்வார்கள்.

இன்சிடென்ட் என்பது வெறும் சம்பவம். ஆனால் சில துறைகளில் அதற்கும் ஆக்சிடென்ட்டுக்கும் நடுவே கோடு போட்டே வைத்திருக்கிறார்கள். அணு உலை நிகழ்வுகளுக்கான ஐஎன்இஎஸ் அளவுகோலில் 1 முதல் 3 வரை இன்சிடென்ட், 4 முதல் 7 வரை ஆக்சிடென்ட். செர்னோபிலும் ஃபுகுஷிமாவும் 7. விமானத்திலும் அப்படித்தான். பறக்கும் எண்ணத்தோடு முதல் ஆள் ஏறியதில் இருந்து கடைசி ஆள் இறங்கும் வரை, அந்த விமானத்தின் இயக்கத்தால் யாராவது இறந்தாலோ பலத்த காயம் அடைந்தாலோ, விமானத்துக்கே பெரிய சேதம் வந்தாலோ, அது காணாமல் போனாலோதான் ஆக்சிடென்ட். அதற்குக் கீழே எல்லாம் இன்சிடென்ட். இந்தக் கோடு இல்லாத இடங்களில் ஒரு நிறுவனம் அறிக்கை விட்டு அதில் ‘தி இன்சிடென்ட்’ என்று திரும்பத் திரும்ப வந்தால் நான் கொஞ்சம் உஷாராகிவிடுவேன், பெரிய பானையைச் சின்னத் துணியால் மூடுகிறார்கள் என்று.

அம்மா கீழே விழுந்து கால் உடைந்துவிட்டது. அலுவலகத்தில் அதைச் சொன்னபோது ‘ஷி ப்ரோக் ஹர் லெக்’ என்று திருத்தினார்கள். அவரே உடைத்துக்கொண்ட மாதிரி இருக்கிறதே!

நம் காதுக்கு அப்படித்தான் இருக்கும், அம்மா சுத்தியலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்த மாதிரி. ஆனால் திருத்தியவர் சொன்னதுதான் சரி. ‘ஐ ப்ரோக் மை ஆர்ம்’, ‘ஐ கட் மை ஃபிங்கர்’, ‘ஐ ட்விஸ்டட் மை ஆங்கிள்’ எல்லாம் வேண்டுமென்று செய்ததைச் சொல்வதில்லை, நேர்ந்ததைத்தான் சொல்கின்றன.

தமிழ் இந்த விஷயத்தில் ரொம்ப நாசூக்கு. கண்ணாடி டம்ளர் ‘உடைந்தது’ வேறு, ‘உடைத்தேன்’ வேறு, ‘உடைந்துவிட்டது’ என்று சொல்லும்போதே ஒரு ஐயோ பாவம் சேர்ந்துவிடுகிறது. ‘கை தவறி விழுந்துவிட்டது’ என்று சொன்னால் தப்பு கையுடையது, ஆளுடையது இல்லை! ஆங்கிலத்திலும் ‘தி கிளாஸ் ப்ரோக்’ என்று சொல்ல முடியும், ஆனால் கையில் இருந்து நழுவியதை எல்லோரும் பார்த்த பிறகும் அப்படிச் சொன்னால் நழுவப் பார்க்கிறான் என்று நினைப்பார்கள். ‘ஐ ப்ரோக் எ கிளாஸ், சாரி’ என்பதே அங்கே மரியாதை.

இது வெறும் பழக்கம் மட்டும் இல்லை. ஃபாஸி, போரோடிட்ஸ்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒருவர் பலூனை உடைப்பது, முட்டையை உடைப்பது போன்ற காட்சிகளை ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கும் ஸ்பானிஷ் பேசுகிறவர்களுக்கும் காட்டினார்கள். வேண்டுமென்றே செய்ததை இரண்டு கூட்டமும் ஒரே அளவில் நினைவு வைத்திருந்தது. தெரியாமல் செய்ததில்தான் வித்தியாசம்: செய்த ஆள் யார் என்பதை ஆங்கிலக்காரர்கள் கூடுதலாக நினைவு வைத்திருந்தார்கள். ஸ்பானிஷில் தற்செயலாக நடந்ததை, நம்மைப் போலவே, ‘தானாக உடைந்தது’ என்ற பாணியில் சொல்வது வழக்கம். தமிழர்களை வைத்து யாராவது இதைச் செய்தால் முடிவு என்ன வரும் என்று எனக்குக் கொள்ளை ஆசை.

அப்புறம் ஒன்று, ஃப்ராக்சர் என்றால் லேசான விரிசல், ப்ரேக் என்றால் முழுசாக முறிவு என்று வீட்டில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டாக்டருக்கு இரண்டும் ஒன்றுதான். மெல்லிய விரிசலை ஹேர்லைன் ஃப்ராக்சர் என்பார்கள். அம்மா சீக்கிரம் எழுந்து நடக்கட்டும்.

‘பை மிஸ்டேக்’, ‘பை ஆக்சிடென்ட்’ எது எங்கே?

ஆக்ஸ்ஃபோர்டில் ஜே. எல். ஆஸ்டின் என்று ஒரு தத்துவப் பேராசிரியர் இருந்தார், சாக்குச் சொல்வது பற்றி 1956-இல் அவர் ஆற்றிய உரையில் இதற்கு ஒரு கழுதைக் கதை இருக்கிறது. அதை என் பாணியில் சொல்கிறேன். உங்களிடம் ஒரு கழுதை, பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு கழுதை, இரண்டும் ஒரே மேய்ச்சலில். உங்கள் கழுதை மேல் உங்களுக்கு வெறுப்பு வந்து சுடப் போகிறீர்கள். குறி பார்த்துச் சுட்டீர்கள், விழுந்தது. போய்ப் பார்த்தால் அது பக்கத்து வீட்டுக் கழுதை. இது பை மிஸ்டேக். இன்னொரு விதம்: சரியாக உங்கள் கழுதையைத்தான் குறி வைத்தீர்கள், சுடுகிற நொடியில் உங்கள் கழுதை நகர, பின்னால் நின்ற பக்கத்து வீட்டுக் கழுதை விழுந்தது. இது பை ஆக்சிடென்ட்.

மிஸ்டேக்கில் நீங்கள் செய்ய நினைத்ததைத்தான் செய்தீர்கள், ஆனால் ஆளை மாற்றிப் புரிந்துகொண்டீர்கள். ஆக்சிடென்ட்டில் நினைத்ததே நடக்கவில்லை. அடுத்தவர் குடையை உங்களுடையது என்று எடுத்துப் போனால் மிஸ்டேக், அவர் குடை மேல் தெரியாமல் உட்கார்ந்தால் ஆக்சிடென்ட். அமெரிக்காவில் இளைஞர்கள் ‘ஆன் ஆக்சிடென்ட்’ என்றும் சொல்கிறார்கள், பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். நீங்கள் ‘பை’ என்றே இருங்கள்.

‘20 கேஷுவல்டீஸ்’ என்று ஆங்கிலச் செய்தியில் வந்தது. எங்கள் வாட்ஸாப் குழுவில் 20 பேர் பலி என்று போட்டேன். பிறகு பார்த்தால் இறந்தவர்கள் 3 பேர்தான். திட்டு வாங்கினேன்.

வாங்க வேண்டியதுதான், ஆனால் இந்தத் தவறைச் செய்த முதல் ஆள் நீங்கள் இல்லை. கேஷுவல்டி என்பதில் காயம்பட்டவர்களும் உண்டு, இறந்தவர்களும் உண்டு. இறப்பு மட்டும் என்றால் ஃபேடாலிட்டி. இறந்தவர் எண்ணிக்கைக்கு ‘டெத் டோல்’. ஆஸ்பத்திரியில் கேஷுவல்டி என்று போர்டு இருந்தால் அது அவசர சிகிச்சைப் பிரிவு. பிரிட்டனில் இப்போது ஏ அண்ட் ஈ, அமெரிக்காவில் ஈஆர்.

இதே ரகத்தில் இன்னும் சில கண்ணிவெடிகள் இருக்கின்றன. ‘சக்கம்டு டு ஹிஸ் இன்ஜுரீஸ்’ என்றால் காயத்தால் இறந்தார். ‘கிரிட்டிகல் பட் ஸ்டேபிள்’ என்றால் தேறிவிட்டார் என்று அர்த்தம் இல்லை. நிலைமை மோசம், ஆனால் மேலும் மோசமாகாமல் அப்படியே நிற்கிறது, அவ்வளவுதான். ‘ஹி சர்வைவ்டு தி க்ராஷ்’ என்றால் பிழைத்தார். ‘ஹி இஸ் சர்வைவ்டு பை ஹிஸ் ஒய்ஃப் அண்ட் டூ சன்ஸ்’ என்றால் போய்விட்டார், மனைவியும் இரண்டு மகன்களும் இருக்கிறார்கள். ஒரு ‘பை’ ஆளை எடுத்துவிடும்.

‘எஸ்கேப்டு’ அதைவிட மோசம். ‘தி டிரைவர் எஸ்கேப்டு’ என்று மொட்டையாக எழுதினால் உயிர் தப்பினாரா, தப்பி ஓடினாரா? ‘எஸ்கேப்டு அன்ஹர்ட்’ என்றால் காயமின்றித் தப்பினார், ‘ஃப்ளெட் தி சீன்’ என்றால் கம்பி நீட்டிவிட்டார். குழுவில் போடுவதற்கு முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு மனிதரின் பெயர் கெட்டுவிடும்.

ஸ்லிப், ட்ரிப், ஸ்கிட், ஸ்டம்பிள்... எனக்கு எல்லாமே ‘ஃபெல் டவுன்’தான். போதாதா?

விழுந்துவிட்டேன் என்று சொல்லப் போதும். ஏன் விழுந்தீர்கள் என்று கேட்டால் போதாது.

ஸ்லிப் வழுக்குவது. தரை ஈரம், வாழைப்பழத் தோல், எண்ணெய். ட்ரிப் தடுக்குவது. ‘ஐ ட்ரிப்டு ஓவர் எ வயர்’ என்றால் வயர் தடுக்கிவிட்டது. இரண்டையும் மாற்றிச் சொன்னால் காரணமே மாறிவிடும், கடைக்காரர் தரையைத் துடைக்காமல் விட்டாரா அல்லது வயரை நடுவழியில் போட்டாரா என்று வழக்கே வேறாகிவிடும். ஸ்டம்பிள் இடறித் தடுமாறுவது, விழாமலும் சமாளித்திருக்கலாம். ஸ்கிட் வண்டிக்கு, மனிதர்கள் ஸ்லிப் ஆவார்கள், சக்கரம் ஸ்கிட் ஆகும். கொலாப்ஸ் என்றால் காலின் கீழ் ஒன்றும் இல்லை, உடம்புக்குள் ஏதோ, மயங்கிச் சரிந்தார். பைக்கில் இருந்து விழுவது ‘ஃபெல் ஆஃப் தி பைக்’, மாடியில் இருந்து விழுவது ‘ஃபெல் ஃப்ரம்’. தமிழில் வழுக்கு, சறுக்கு, தடுக்கு, இடறு, தடுமாறு, சரி என்று இத்தனை வைத்திருக்கிறோம், ஆங்கிலத்தில் மட்டும் ஏன் ஒரே சொல்லில் கஞ்சத்தனம்?

ரியர் எண்ட், டி போன், ஜாக்நைஃப்... செய்தி கேட்டால் சமையலறைச் சாமான் பட்டியல் போல இருக்கிறது.

டி போன் உண்மையிலேயே சாப்பாட்டில் இருந்து வந்ததுதான், டி வடிவ எலும்புள்ள இறைச்சித் துண்டின் பெயர். ஒரு காரின் பக்கவாட்டில் இன்னொரு காரின் மூக்கு செங்குத்தாக இடித்தால் மேலிருந்து பார்க்க டி மாதிரி இருக்கும். ஜாக்நைஃப் மடக்குக் கத்தி; டிரெய்லர் லாரியின் முன்பாகம் ஒரு பக்கமும் பின்பாகம் ஒரு பக்கமுமாக மடங்கிக்கொள்வது. ஹெட் ஆன் நேருக்கு நேர். பின்னால் வந்து இடித்தால் ‘ஐ வாஸ் ரியர் எண்டட்’, பிரிட்டனில் ஷண்ட் என்பார்கள். உரசிக்கொண்டு போனால் சைட்ஸ்வைப். ஒன்றன்பின் ஒன்றாக வண்டிகள் வந்து குவிந்தால் பைல் அப். பம்பர் நசுங்கியதோடு முடிந்தால் அமெரிக்காவில் ஃபெண்டர் பெண்டர், பிரிட்டனில் ப்ராங். சரிசெய்வதற்கு ஆகும் செலவு வண்டியின் மதிப்பையே தாண்டிவிட்டால் பிரிட்டனில் ரைட் ஆஃப், அமெரிக்காவில் டோட்டல்டு. இடித்துவிட்டு நிற்காமல் போவது ஹிட் அண்ட் ரன்.

வேடிக்கை பார்ப்பவர்களுக்கும் ஒரு சொல் இருக்கிறது: ரப்பர்நெக்கிங். கழுத்து ரப்பர் மாதிரி நீளுமாம். விபத்தைப் பார்க்க வண்டியை மெதுவாக்கி, அதனாலேயே பின்னால் இன்னொரு விபத்தை உண்டாக்குகிற கூட்டத்தைத் தமிழில் ஒரே சொல்லில் திட்ட வழி இல்லை என்பது எனக்கு நெடுநாள் குறை.

ரன் ஓவர், ரன் இன்டு இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ‘ஐ ரேன் ஓவர்’ என்று ஒருவரைச் சொன்னால் அவர் மேலே வண்டியை ஏற்றினீர்கள். ‘ஐ ரேன் இன்டு மை ஓல்டு டீச்சர்’ என்றால் பழைய ஆசிரியரைத் தற்செயலாகச் சந்தித்தேன், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

வூண்டட், இன்ஜர்டு வித்தியாசம்? அப்படியே காயங்களுக்கான சொற்களும் சொல்லுங்களேன்.

கத்தி, துப்பாக்கி, போர் என்றால் வூண்டட். சாலை, மாடிப்படி, தொழிற்சாலை என்றால் இன்ஜர்டு. பஸ் விபத்தில் ‘12 வூண்டட்’ என்று எழுதினால் பஸ்ஸை யாரோ சுட்டார்கள் போலத் தோன்றும். ஆனால் புண் என்ற பொருளில் வூண்ட் எங்கேயும் வரலாம், ‘கிளீன் தி வூண்ட்’ என்று நர்ஸ் சொல்வார். உச்சரிப்பு வூண்ட்தான், வவுண்ட் என்று சொன்னால் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்ததாகிவிடும். மனிதருக்கு இன்ஜுரி, பொருளுக்கு டேமேஜ். டேமேஜஸ் என்று பன்மையில் வந்தால் அது சேதம் இல்லை, கோர்ட் வாங்கித் தரும் நஷ்டஈடு.

சிராய்ப்பு கிரேஸ் அல்லது ஸ்க்ரேப், தோல் கிழியாமல் உள்ளே கன்றிப்போனால் ப்ரூஸ், ஆழமான நீண்ட வெட்டு காஷ். ஸ்ப்ரெய்ன், ஸ்ட்ரெய்ன் இரண்டுமே நமக்குச் சுளுக்குதான். ஆனால் ஸ்ப்ரெய்ன் மூட்டில் எலும்பையும் எலும்பையும் கட்டியிருக்கும் தசைநாரில், ஸ்ட்ரெய்ன் தசையில். நெருப்பு பட்டால் பர்ன், கொதிக்கும் தண்ணீரோ ஆவியோ பட்டால் ஸ்கால்டு. தலையில் அடிபட்டு மூளை குலுங்கினால் கன்கஷன். பின்னால் இருந்து இடிக்கும்போது கழுத்து சாட்டை மாதிரி முன்னும் பின்னும் வெட்டிக்கொள்வதற்கு விப்லாஷ் என்று பெயர், விப் என்றால் சாட்டைதான்.

வெளிநாடு வந்து இரண்டு மாதம். கண்ணெதிரே பைக்கில் வந்த ஒருவர் விழுந்தார். அவசர எண்ணுக்கு போன் செய்தேன், ஒரு வார்த்தை வரவில்லை, பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டேன். இன்னும் வெட்கமாக இருக்கிறது.

வெட்கப்பட என்ன இருக்கிறது, போனை எடுத்து அழைத்தது நீங்கள்தானே. அந்த நேரத்தில் தாய்மொழியிலேயே பலருக்குப் பேச்சு வராது.

முதலில் இடத்தைச் சொல்லுங்கள். மற்ற எல்லாம் பிறகு. லைன் கட்டானாலும் இடம் தெரிந்தால் வந்துவிடுவார்கள். ‘தேர்ஸ் பீன் அன் ஆக்சிடென்ட்’ என்று ஆரம்பித்து, அதே மூச்சில் சாலைப் பெயர், பக்கத்தில் கண்ணுக்குத் தெரிகிற பெரிய கட்டடம். இந்த வாக்கியத்தில் யாருடைய பெயரும் இல்லை, யார் மேலும் பழி இல்லை, மேலே அந்தச் சொல்லைக் குறை சொன்னேனே, இங்கே அது அப்படியே பொருந்துகிறது. பிறகு ‘ஒன் பெர்சன் இஸ் ஹர்ட். வி நீட் அன் ஆம்புலன்ஸ்.’

அவர்கள் அநேகமாக இரண்டு கேள்வி கேட்பார்கள். ‘இஸ் ஹி கான்ஷியஸ்?’ நினைவு இருக்கிறதா. ‘இஸ் ஹி ப்ரீதிங்?’ மூச்சு இருக்கிறதா. யெஸ், நோ போதும். தெரியாவிட்டால் ‘ஐ டோன்ட் நோ’ என்று தயங்காமல் சொல்லலாம், ஊகித்துச் சொல்வதைவிட அது நல்லது. இரத்தம் வந்தால் ‘ஹி இஸ் ப்ளீடிங் ஃப்ரம் தி ஹெட்’, வண்டிக்கு அடியில் சிக்கியிருந்தால் ‘ஹி இஸ் ட்ராப்டு’. ‘பிளட் இஸ் கமிங்’ என்று சொன்னாலும் ஆம்புலன்ஸ் வரும், இலக்கணத் திருத்தம் எல்லாம் என்னைப் போன்றவர்களின் வேலை, அவர்களுடையது இல்லை. அவர்களாக வைக்கச் சொல்லும் வரை போனை வைக்காதீர்கள்.

எண் நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பாவில் 112, பிரிட்டனில் 999, அமெரிக்காவில் 911, ஆஸ்திரேலியாவில் 000. இருக்கும் நாட்டின் எண்ணை இப்போதே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இந்த நான்கைந்து வாக்கியங்களையும் கண்ணாடி முன் நின்று ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், வாய் பழகினால் பதற்றத்திலும் வரும்.

நியர் மிஸ் என்றால் கிட்டத்தட்டத் தவறியது, அதாவது மோதிவிட்டது என்றுதானே வர வேண்டும்?

கணக்கு வாத்தியார் கேள்வி. நியர்லி மிஸ்டு இல்லை, மிஸ்தான், ஆனால் ரொம்பக் கிட்டத்தில் நடந்த மிஸ். மோதவில்லை. நாம் மயிரிழையில் தப்பினோம் என்கிறோம், அவர்களும் ‘பை எ ஹேர்ஸ் ப்ரெட்த்’ என்கிறார்கள். முடியை வைத்து அளப்பதில் மட்டும் இரண்டு மொழிக்கும் சண்டை இல்லை.

மகன் படிக்கும் ப்ளே ஸ்கூலில் இருந்து ‘யுவர் சன் ஹேட் எ லிட்டில் ஆக்சிடென்ட் டுடே’ என்று மெசேஜ். அலறியடித்துக்கொண்டு ஓடினேன். அவன் சிரித்துக்கொண்டு விளையாடிக்கொண்டிருக்கிறான். டீச்சரும் சிரிக்கிறார். யாரும் எதுவும் விளக்கவில்லை.

கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் கொடுத்திருப்பார்களே, அதைத் திறந்து பார்க்கவில்லையா? சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் லிட்டில் ஆக்சிடென்ட் என்றால் டிரவுசரிலேயே போய்விட்டான் என்று அர்த்தம். நாளைக்கு ஒரு ஜோடி கூடுதலாகப் போட்டு அனுப்புங்கள்.